சனிக்கிழமைச் செக்கார்

சாகணுக்குக் குடிவந்த நம்மவர்க்கு இவ்வூர் தொழிற்சாலைகளின் ஊர். வெங்காயச் சந்தையின் ஊர். துக்காராமின் அபங்கங்களை ஏட்டில் எழுதிவைத்த சந்தாஜி ஜக்னாடே பிறந்த ஊரும் இதுவே என்பதை அறிந்தார் சிலரே. 17-ஆம் நூற்றாண்டினரான அவர் தேலி, அஃதாவது செக்காட்டும் குடியில் வந்தவர். நூலைக் காத்த அச்செக்காரை எண்ணும்போதெல்லாம், இதே மராட்டிய நாட்டில் நூலே இன்றிச் சமயத்தைக் காத்த வேறொரு செக்கார் கூட்டமும் என் நினைவுக்கு வரும்.

அலிபாக்கை அடுத்த நவ்காவ் கடற்கரையில் மரக்கலம் உடைந்து, ஏழு ஆடவரும் ஏழு மகளிருமே உயிர்தப்பிக் கரையேறினர் என்பது பெனே இஸ்ரேல் எனப்படும் யூதர்தம் மரபுக்கதை. காலம் பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. மறைநூல்கள் கடலோடு போயின என்பர். கொங்கணச் சிற்றூர்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த இவர்கள், சனிக்கிழமை மட்டும் செக்கை ஓட்டார். ஆகவே ஊரார் இவர்களைச் 'சனிவார் தேலி' என்றழைத்தனர். ஓய்வுநாள், எட்டாம் நாள் விருத்தசேதனம், உணவு விலக்கு, 'ஷெமா' என்னும் ஒரு மந்திரம் ஆகியவையே எஞ்சியிருந்தன. 'ஷெமா' என்பதற்குக் 'கேள்' என்பது பொருள். வள்ளுவர் கல்லாமைக்கு அடுத்த அதிகாரமாகக் கேள்வியை வைத்தது ஈண்டு நினைக்கத்தக்கது.

யூத சமயத்திலோ கற்றலே பெரும் வழிபாடு. தோராவை 54 பகுதிகளாக ஆண்டு முழுவதும் ஓதி, முடித்த நாளிலேயே மீண்டும் முதலடியைத் தொடங்குவர். கையால் எழுதிய தோற்சுருளில் ஓரெழுத்துப் பிழைத்தாலும், திருத்தும்வரை அதனைச் சபையில் ஓதலாகாது. இத்தகைய சமயத்தினர் ஏடின்றி எங்ஙனம் நிலைத்தனர்? அடுக்களையால் நிலைத்தனர் என்பேன். தாவீது ரகாபி என்னும் யூதர் இவர்களைக் கண்டபோது, பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். செதிலும் துடுப்பும் இல்லாதவற்றைப் பெண்கள் தாமே ஒதுக்கிவிட, இவர்கள் யூதரே எனத் தெளிந்து கற்பிக்கத் தொடங்கினார் என்பது செவிவழிச் செய்தி.

கழுவாய் நாளாகிய யோம் கிப்பூரை இவர்கள் மராத்தியில் கதவடைப்புத் திருநாள் என்றே வழங்கினர். வெள்ளுடை உடுத்து, உண்ணாது, கதவடைத்து இருப்பர். மனம் வருந்தித் திருந்துவதை எபிரேயத்தில் 'தெஷுவா' என்பர். 'திரும்புதல்' என்று பொருள். நம் மொழியின் 'மனந்திரும்புதல்' எவ்வளவு பொருந்துகிறது! கடவுளுக்குச் செய்த பிழையை அந்நாள் போக்கும். அயலானுக்குச் செய்த பிழையையோ, அவனை ஆற்றுவித்தாலன்றி எந்நாளும் போக்காது என்கிறது மிஷ்னா. அதே பிழைக்கு அதே வாய்ப்பு மீண்டும் வந்தும் செய்யாதிருப்பவனே முற்றத் திருந்தியவன் என்றார் 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ். உண்டியலில் காசிட்டு முடிக்கும் கணக்கன்று இது.

ஏட்டிற்கு இவர்கள் திரும்பிய வழியில் நமக்கும் அண்டைநாட்டுத் தொடர்பு உண்டு. 1796-இல் பம்பாயில் முதல் தொழுகைக்கூடத்தைக் கட்டியவர் சாமுவேல் எசேக்கியேல் திவேகர். பின்னர் இவர்களுக்கு மறை கற்பித்த ஆசிரியர்களுள் கொச்சி யூதர் பலர். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மனிடம் வட்டெழுத்துச் செப்பேடு பெற்ற யோசேப்பு ரப்பானைத் தம் முன்னோராகப் போற்றும் மக்கள் அவர்கள். ஜான் வில்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1832-இல் மராத்தியில் எபிரேய இலக்கணம் வெளியிட்டதும் உதவியது. மதம் மாற்ற வந்தவர் தந்த இலக்கணத்தைக் கொண்டு இவர்கள் தம் மதத்தையே கற்றனர்!

ஏடு வந்தபின்னும் பழைய வழக்கை இவர்கள் எறிந்துவிடவில்லை. எலியா தீர்க்கதரிசியை நினைந்து அவலும் தேங்காயும் வெல்லமும் கலந்து படைக்கும் 'மலீதா' இன்றும் உண்டு. 1948-க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றனர். அங்கே இவர்களுடைய யூதத்தன்மையையே ஐயுற்றனர் சமயத் தலைவர்கள். போராடிய பின்னரே, 1964-இல் அரசு இவர்களை முழு யூதரென உறுதிசெய்தது.

பஸ்கா இரவில் ஓதும் நூல் ஒன்று 1874-இல் புணேயில் அச்சாயிற்று. எபிரேயமும் மராத்தியும் அருகருகே உள்ளன. சேலை உடுத்த பெண்கள் புளியா அப்பம் செய்யும் படமும் உண்டு. என் மகள் திருப்புகழைத் தேவநாகரியில் எழுதிவைத்துப் பாடுவது கண்டு முன்பு சினந்து, ஏட்டைப் பிடுங்கியதும் உண்டு. இந்நூலைப் பற்றி அறிந்தபின் அவளிடம் வருத்தம் தெரிவித்து, ஏட்டைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது ஒவ்வோர் அடிக்கும் பக்கத்திலேயே தமிழெழுத்தை நான் எழுதுகிறேன். பார்த்து அவளும் எழுதுகிறாள். ழகரம் மட்டும் இன்னும் கோணலாகத்தான் வருகிறது.