பெயரில்லாப் போத்தலும் பதிவு எண்ணும்

மருந்தகத்தின் தரமும் பாதுகாப்பும் என்ற தலைப்பில் ஒரு தொலைக்காட்சி அறிவிப்பாளருக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மருந்தின் வேதியியலை மருந்தாளர்களிடமே விட்டுவிடுகிறேன். மருந்தை வாங்கிக் குடிக்கும் நம் மக்களின் வரலாற்றைச் சொல்வதுதான் என் நோக்கம்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தார். 1929ல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ல் பாரத் தோட்டம் உருவானது. கொழுந்து பறிக்க நம்மவர்கள் மலையேறினார்கள். குளிரும் இருமலும் இங்கே கூடவே வாழ்பவை. எனவே இருமல் மருந்துப் போத்தல் இந்த மலைக்குப் பழகிய பொருள்.

டிரசர் கொடுத்த மருந்து

மலாயாத் தோட்டங்களில் மருந்து என்பது கடையில் வாங்கும் பொருளாக இருக்கவில்லை; நிர்வாகம் கொடுப்பதாக இருந்தது. தொழிலாளர்களின் மருத்துவத்துக்குத் தோட்ட முதலாளிகளைப் பொறுப்பாக்கிய சட்டங்களில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு முக்கியமானது. நடைமுறையில் அந்தப் பொறுப்பு டிரசரின் தோளில் விழுந்தது. நோயைப் பார்ப்பவரும் அவரே, மருந்தைக் கலப்பவரும் அவரே, வீட்டிலிருந்து கொண்டுபோன போத்தலில் ஊற்றிக் கொடுப்பவரும் அவரே. கீழேயுள்ள ரப்பர் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலுக்குத் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திக் கொயினா புகட்டிய காலமும் உண்டு.

அந்த டிரசர்களைக் குறை சொல்வதற்கில்லை. மருத்துவர் எப்போதாவது வந்துபோகும் இடங்களில் உயிர்களைக் காத்தவர்கள் அவர்கள். 1965ல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்து, அவர்களுடைய தொழிலுக்கு ஒரு வரையறை கொடுத்தது. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. நோயைக் கண்டு, மருந்தைத் தீர்மானித்து, கலந்து, கொடுப்பது எல்லாம் ஒரே ஆள் என்றால், அவர் கை தவறும்போது அதைப் பார்க்க இரண்டாவது கண் இல்லை. இது என்ன மருந்து என்று கேட்கும் பழக்கமும் தொழிலாளிக்கு இல்லை. துரையிடம் சம்பளத்தைக் கேட்கவே தயங்கியவர்கள், டிரசரிடம் மருந்தின் பெயரையா கேட்பார்கள்?

இரண்டாவது கண்

அந்த இரண்டாவது கண்தான் மருந்தாளர். 1951ல் மருந்தாளர் பதிவுச் சட்டமும் 1952ல் நச்சுப்பொருள் சட்டமும் மருந்து விற்பனைச் சட்டமும் வந்தன. ‘பி’ பிரிவு மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் மருந்தகம் விற்கக் கூடாது. ‘சி’ பிரிவு மருந்துகளை மருந்தாளர் தம் பொறுப்பில் கொடுத்து, அதைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். மருந்தாளர் இல்லாத நேரத்தில் சில மருந்துகளைத் தர மறுக்கிறார்களே என்று கோபப்படுகிறோம். அந்த மறுப்புதான் நமக்குப் பாதுகாப்பு.

ஆனால், கொடுப்பவரை மட்டும் கண்காணித்தால் போதுமா? போத்தலுக்குள்ளேயே நஞ்சு இருந்தால்?

1937ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை டையெத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து, பழச்சுவை சேர்த்து விற்றார்கள். அது நஞ்சா என்று யாரும் சோதிக்கவில்லை. 105 பேர் மாண்டார்கள். அவர்களில் 34 பேர் குழந்தைகள். மறு ஆண்டே, புதிய மருந்தை விற்குமுன் அது பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என அங்கே சட்டம் வந்தது.

நம் நாட்டில் 1978ல் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடம் அமைந்தது. 1984ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி மறு ஆண்டு முதல் மருந்துப் பதிவு தொடங்கியது. முதலில் மருத்துவர் சீட்டுக்குரிய மருந்துகள், 1988ல் சீட்டு இல்லாமல் வாங்கும் மருந்துகள், 1992ல் பாரம்பரிய மருந்துகள் எனப் படிப்படியாகப் பதிவு விரிந்தது. 2005ல் ஹோலோகிராம் முத்திரையும் சேர்ந்தது.

இது பழங்கதை அல்ல. 2022ல் நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவில் நச்சு கலந்த சிரப்பால் 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2025ல் தமிழகத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப்பைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் குறைந்தது 20 குழந்தைகள் மாண்டார்கள். தமிழக அரசின் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு டையெத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரிந்தது. 1937ல் கொன்ற அதே திரவம்! இனிப்பாக இருக்கும், பார்வைக்குக் கிளிசரின் போலவே இருக்கும். உள்ளே போனால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். மூலப்பொருளைச் சோதிக்காமல் கலந்தால் நாக்கோ மூக்கோ இதைக் கண்டுபிடிக்காது.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே அன்பர்களே, பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எம்.ஏ.எல். என்ற எழுத்துகளும் அவற்றையடுத்து எட்டு இலக்கங்களும் இருக்கும். இலக்கங்களுக்குப் பின் ‘ஏ’ இருந்தால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, ‘எக்ஸ்’ இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடியது, ‘டி’ இருந்தால் பாரம்பரிய மருந்து. பதிவு எண் இல்லாத சிரப்பை, ஊரிலிருந்து வந்தவர் அன்போடு கொடுத்தாலும் குழந்தைக்குப் புகட்ட வேண்டாம். தனியார் கிளினிக்குகளில் மருத்துவரே மருந்தும் கொடுக்கும் முறை நம் நாட்டில் தொடர்கிறது. அங்கேயும் சீட்டைக் கேட்டு வாங்கலாம். அதை மருந்தகத்தில் காட்டினால் இரண்டாவது கண் கிடைக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. மருந்துறையில் மலாயும் ஆங்கிலமும்தான் பெரும்பாலும் இருக்கின்றன. நம் பாட்டிமார் பலருக்கு அவை தெரியாது. சட்டம் எழுதிவைத்த எச்சரிக்கை, படிக்கத் தெரியாதவருக்கு வெற்றுக் காகிதம். வீட்டுப் பிள்ளைகள் அதைப் படித்துச் சொல்லட்டும். மருந்தாளர்களும் வாயால் ஒருமுறை விளக்கட்டும். இந்தத் தோட்டங்களில் இன்று உழைக்கும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். நேற்று நாம் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

டிரசர் ஊற்றியதைக் கேள்வியில்லாமல் குடித்தது நம் தாத்தா காலம். அவர்களுக்குக் கேட்க வழியில்லை. நமக்கு இருக்கிறது. இது என்ன மருந்து, எதற்கு, எத்தனை நாள், வேறு மருந்தோடு ஒத்துப்போகுமா? இந்த நான்கு கேள்விகளையும் கேட்காமல் மருந்தகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.