தோரியனைற்றும் ரேடன் அளவீட்டின் நிச்சயமின்மையும்

யாழ்ப்பாணத்து அளவெட்டியின் செம்மண்ணுக்கு அடியில் கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் ஆகும். யுரேனியம் பொதுவாகக் குறைந்த இப்பாறையிலிருந்து, அந்த யுரேனியத்தின் வழிவந்த ரேடியம் சிதைவதால் பிறக்கும் நிறமும் மணமுமற்ற ரேடன் வாயு எவ்வளவு வெளிவருகிறது என்று அளக்கும் கலையின் வரலாற்றில், இலங்கைக் கனிமம் ஒன்றுக்கும் ஓர் இடம் உண்டு.

1899இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓவன்ஸ் தோரியத்தின் கதிர்வீச்சை அளந்தபோது, அறையின் காற்றோட்டத்துக்கேற்ப அளவுகள் தளம்பின. தோரியத்திலிருந்து ஒரு வாயு வெளியேறுவதே காரணம் என்று ரதர்போர்ட் மறு ஆண்டில் அறிவித்தார். பின்னர் தோரன் எனப் பெயர்பெற்ற, ரேடனின் ஓரிடத்தானான அவ்வாயு, தளம்பலைப் பிழையென்று ஒதுக்காமல் ஆராய்ந்ததன் பயனாகவே வெளிப்பட்டது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவரும் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் தலைவருமான ஆனந்த குமாரசுவாமியின் பணிக்காலத்தில், சப்ரகமுவவில் கிடைத்த, அதே தோரியம் செறிந்த கரிய, பாரமான கனிமம் 1904இல் தோரியனைற்று எனப் பெயரிடப்பட்டது. மறு ஆண்டில் இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஓட்டோ ஹான் அதிலிருந்தே, தோரன் பிறக்கும் சிதைவுத் தொடரைச் சேர்ந்த ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார்.

அதே ராம்சேயும் கிரேயும் கண்ணுக்கு எட்டாத அளவு ரேடனை நுண்தராசில் நிறுத்து அணுநிறையைக் கணித்தபோது, 218க்கும் 227க்கும் இடையில் சிதறிய ஐந்து முடிவுகளின் சராசரி 223 ஆயிற்று. இன்று ஏற்கப்படும் பெறுமானம் 222. சராசரியுடன் சிதறலையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த அளவீட்டின் உண்மையான பெறுமதி விளங்கும்.

இக்காலக் கருவிகளுள் எளியது, அல்பாத் துகள்கள் பதிக்கும் தடங்களை எரிசோடாக் கரைசலில் துலக்கி, நுணுக்குக்காட்டியில் எண்ணத்தக்க பிளாஸ்டிக் தகடாகும். எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் இயல்பான தளம்பல் என்பதால், 100 தடங்களில் 10 சதவீத நிச்சயமின்மை தங்கும்; அளவுத்திருத்தத்தில் 7.5 சதவீதம் உண்டெனக் கொண்டால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலங்காண 12.5 சதவீதமும், 95 சதவீத நம்பகத்துக்கு அதை இரட்டிக்க 25 சதவீதமும் வரும். 3.8 நாள் அரை ஆயுளுடைய ரேடனுடன், 56 விநாடியே அரை ஆயுளுடைய தோரனும் தகடு வைக்கப்பட்ட கலத்துள் நுழைந்தால் கணக்கு மேலும் பிசகும் என்பதால், தோரன் வழியிலேயே சிதைந்துவிடும் வகையில், வாயு மெல்லக் கசியும்படி கலத்தின் வாயில் குறுக்கப்படுகிறது. அளவீட்டு நிச்சயமின்மை பற்றி 1993இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, இவ்வாறு எல்லாக் கூறுகளையும் வெளிப்படையாகக் கணக்கிடும் முறையைப் பொதுவாக்கியது.

சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வாயுவுக்கு எளிதில் வழிவிடக்கூடும் என்பதால், யுரேனியம் குறைவு என்பதை மட்டும் கொண்டு அளவெட்டி வீடொன்றின் ரேடனைத் தீர்மானிப்பது தவறாகும்; அளவு உண்மையிலேயே குறைந்து தகட்டில் 25 தடங்களே விழுந்தாலோ, எண்ணிக்கையால் மட்டும் எழும் நிச்சயமின்மை 20 சதவீதமாகிவிடும்.