தருமபுரி வாடகை வீடுகளில் துணியும் தண்ணீரும்

தருமபுரி மாவட்டத்தில் வீட்டுப் பராமரிப்பு பெரும்பாலும் தண்ணீரைப் பொறுத்தே அமைந்து வந்திருக்கிறது. பாறை நிலம், மழையும் குறைவு. கிணற்றிலும் ஆழ்துளைக் குழாயிலும் கிடைக்கும் நீர் பல இடங்களில் கடினமானது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாய்ப் படிவதால் நுரை வராது, வெள்ளை வேட்டி நாளடைவில் பழுப்பேறிவிடும்.

சோப்பு பரவுவதற்கு முன்பே இந்தச் சிக்கலுக்கு வண்ணார் சமூகத்தார் ஒரு வழி வைத்திருந்தார்கள். கோடையில் தரையில் பூக்கும் உவர்மண்ணைச் சுரண்டி எடுத்து, நீரில் கரைத்து, அழுக்குத் துணியை அதில் முக்கிப் பிழிவார்கள். உவர்மண்ணில் இருக்கும் சோடியம் கார்பனேட் நீரின் கடினத்தைக் குறைக்கும், எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்கும். பிறகு கொதிநீர்ப் பானையின் வாய்மேல் துணிகளைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். இதுதான் வெள்ளாவி. விடிந்ததும் ஏரிக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசுவது வழக்கம். துணி வீடு மாறிப் போகாதிருக்கச் சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் குறி இடப்பட்டது. அந்தக் கறுப்பு எத்தனை துவைப்புக்கும் அழியாது. வேதியியல் பாடம் படிக்காதவர்களின் நுட்பமான தொழில் அறிவு இது. ஊர் அதற்குத் தந்த கூலியோ அறுவடைத் தானியமும் மாலையில் வீடு வீடாக எடுத்த சோறும்தான். சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட அந்த அநீதியை மறந்துவிட்டு வெள்ளாவியின் வெண்மையை மட்டும் புகழ்வது நியாயமாகாது.

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகமும் பிற அலுவலகங்களும் வரவே, மாற்றலாகி வந்த ஊழியர்களுக்கு வாடகை வீடு தேவைப்பட்டது. வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கிணறும் துவைகல்லும் பொது. எந்த வீட்டார் எப்போது துவைப்பது என்பதை வீட்டுக்காரர் வாய்வார்த்தையாக வகுத்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் அவர் பொறுப்பே. வேட்டிக்குப் போடும் நீலத்திலேயே ஒரு சிட்டிகை சுண்ணாம்பிலும் கலந்தால் சுவர் பளிச்சென்றிருக்கும்.

சென்னைக்கும் நகராட்சிகளுக்கும் பொருந்திய 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமையாளர் பழுதுபார்க்கத் தவறினால் குடியிருப்பவரே அதைச் செய்து, வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஆணைப்படி செலவை வாடகையில் கழித்துக்கொள்ள வழி செய்தது. ஆனால் உரிமையாளர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற அச்சம் இருக்கும்போது இப்படிப்பட்ட உரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

சர்ஃப் 1959இலும் நிர்மா 1969இலும் வந்தன. கடின நீரிலும் நுரைக்கும் இந்தச் சலவைத்தூள்கள் கைக்கெட்டியதும் உவர்மண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சலவைக்காரர்கள் பலர் கரிப்பெட்டியோடு தள்ளுவண்டி இஸ்திரிக்கு மாறினார்கள். அடுத்து வந்த சலவை இயந்திரத்தில் வாடகை வீடுகளுக்கு ஏற்றது இரண்டு தொட்டி கொண்ட அரைத் தானியங்கி வகை. குழாயில் அழுத்தம் இல்லாவிட்டாலும் வாளியால் நீர் ஊற்றி ஓட்டலாம், வீடு மாறும்போது தூக்கிச் செல்வதும் எளிது. முழுத் தானியங்கி இயந்திரத்தில் நீர் நுழையும் வலையில் மணலும் உப்பும் அடைக்கும். நீர் சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்புப் படிவு ஏறும். சிட்ரிக் அமிலம் போட்டு வெறுமனே ஒரு முறை ஓட்டினால் அது கரையும்.

2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃப்ளூரைடு பாதித்த தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி நீரைக் கொண்டுவந்தது. அதன் நோக்கம் குடிநீர். துவைக்கவும் குளிக்கவும் இன்றும் பல வீடுகளில் ஆழ்துளை நீர்தான். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் தனித்தனியே பிடிக்கப்படுகின்றன.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் பராமரிப்பைப் பட்டியலிட்டுப் பிரித்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை உரிமையாளருக்கு. குழாய்த் திருகு, சாக்கடை அடைப்பு, சுவிட்சு, கீசர் பழுது ஆகியவை குடியிருப்பவருக்கு. சலவை இயந்திரம் பட்டியலிலேயே இல்லை. கீசரைக் கெடுக்கும் உப்பு உரிமையாளரின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. பழுதுச் செலவோ குடியிருப்பவர் தலையில் விழுகிறது. கடின நீர் மாவட்டங்களில் இந்தப் பிரிவினை குடியிருப்பவருக்குப் பாதகமானது. நீரின் தன்மையையும், படிவு நீக்கும் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள அச்சட்டத்தில் தடை ஏதும் இல்லை.