கியர்பொக்ஸை இறக்கினால் எஞ்சினை எது தாங்கும்?

யாழ்ப்பாணத்தில் கிளச் மாற்றுவது பலருக்கு இன்னும் வீட்டு வளவுக்குள் நடக்கிற வேலைதான். 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின், பெற்றோலும் பற்றறியும் இல்லாத காலத்தில், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊர் இது. ஸ்ராட் எடுக்கக் கொஞ்சம் பெற்றோல், பிறகு முழுக்க மண்ணெண்ணெய். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கும் பெருமைதான். ஆனால் அன்று வேறு வழியில்லாமல் செய்ததை, எல்லாம் கடையில் கிடைக்கிற இன்றைக்கும் செய்வதை என்னால் மெச்ச முடியவில்லை. மாங்கிளையில் சங்கிலி போட்டு எஞ்சினைத் தொங்கவிடுவது அதில் ஒன்று. காருக்குக் கீழே சீமெந்துக் கல் அடுக்குவது இன்னொன்று.

மொறிஸ் மைனரில் எஞ்சினின் முன்பக்கம் இரண்டு மவுண்டிங்கில் நிற்கிறது. பின்பக்கப் பாரம் கியர்பொக்ஸ் வழியாகக் குறுக்குச் சட்டத்தில் இறங்குகிறது. கியர்பொக்ஸைக் கழற்றினால் அந்த மூன்றாவது கால் போய்விடும்; எஞ்சின் பின்னால் சரியும், ரேடியேற்றர் குழாய் இழுபடும். இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை நிற்கும் மாருதி ஆல்டோவில் எஞ்சின் குறுக்காக இருப்பதால் கியர்பொக்ஸ் இருந்த பக்கத்துக்குச் சரியும். அந்த நேரத்தில் கீழே ஒருவர் படுத்திருப்பார்.

ஆகவே காருக்கு ஒரு தாங்கல், எஞ்சினுக்கு வேறொரு தாங்கல் வேண்டும். காரை இரும்பு ஸ்ராண்டுகளில் நிறுத்துங்கள். சீமெந்துக் கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். வடமராட்சிக் கரையோர மணலிலும் மழை பெய்த செம்மண்ணிலும் ஸ்ராண்டும் ஜக்கும் மெல்ல மெல்லப் புதையும். அடியில் அகலமான தடித்த பலகை போடாமல் தொடங்கவேண்டாம். பற்றறியின் நெகட்டிவ் வயரை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

எஞ்சினைக் கீழிருந்து தாங்குவதானால் ஜக்கை நேரே ஒயில் சம்பில் வைக்கக்கூடாது. சம்பின் தகடு உள்ளே அமுங்கினால் ஒயில் உறிஞ்சும் வாய் அடைபடலாம். பிறகு கிளச் செலவோடு எஞ்சின் செலவும் சேரும். இடையில் பலகை வையுங்கள். வடிகால் போல்ற்றில் பாரம் விழக்கூடாது. ஜக் பாரத்தை ஏந்தினால் போதும், எஞ்சினைத் தூக்கவேண்டியதில்லை. ஹைட்ரோலிக் ஜக்கின் சீல் கசிந்தால் தானாக இறங்கும் என்பதால், பக்கத்தில் ஒரு மரக்குற்றியும் முட்டாக நிற்கட்டும்.

எனக்குக் கேட்டால் மேலிருந்து தாங்குவதே நல்லது. பொனற் திறந்த இடத்தில், இருபக்க மட்காட்டின் உள்விளிம்புகளில் மரத்துண்டு வைத்து, குறுக்கே பலமான இரும்புச் சட்டம் ஒன்றைப் போட்டு, கொழுக்கிப் போல்ற்றால் எஞ்சினின் தூக்கு வளையத்தைப் பிடிப்பார்கள். நட்டைத் திருகினால் உயரம் மயிரிழை அளவாகக் கூடும், குறையும். மட்காட்டின் மேல்தகட்டில் மட்டும் பாரம் வரக்கூடாது. கீழே ஜக் இல்லாததால் கியர்பொக்ஸை இறக்கத் தாராளமாக இடம் கிடைக்கும்.

கியர்பொக்ஸுக்கும் தனி ஜக் தேவை. அதன் தண்டு கிளச் பிளேற்றில் தொங்கினால் புதுப் பிளேற் வளைந்துவிடும். திருப்பி ஏற்றும்போது எஞ்சினின் சரிவை நட்டாலோ ஜக்காலோ சரிசெய்யுங்கள். போல்ற்றை இறுக்கி இழுத்துச் சேர்க்கவேண்டாம். மவுண்டிங் எல்லாம் பூட்டி முடிந்தபிறகே தாங்கலை எடுக்கலாம், அதையும் மெதுவாக.