வேடர் வீட்டுப் பெண்: கல்வராயன் மலைத் தோற்றக் கதை குறித்து ஒரு மாற்று வாசிப்பு

கல்வராயன் மலைப் பழங்குடியினரான மலையாளிகள் தங்களைக் காஞ்சிபுரத்து வேளாளர் வழியினர் என்றும், கரியராமர் தங்களோடு வந்த தெய்வம் என்றும் சொல்லிக்கொள்வதை ஆய்வாளர்கள் இரண்டு விதமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாரார் அதை உண்மையான குடிப்பெயர்ச்சியின் நினைவு என்றனர். மறுசாரார் சாதிப் பெருமைக்காகக் கட்டிய கதை என்றனர். மரபணு ஆய்வு அந்தக் கதையை மெய்ப்பித்துவிட்டது என்ற மூன்றாவது குரலும் இப்போது கேட்கிறது. என் மாறுபாடு முக்கியமாக இந்த மூன்றாவதோடுதான்.

எல்லோரும் திரும்பத் திரும்ப எடுத்தாளும் சான்று, டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த 1906ஆம் ஆண்டுத் தென்னாற்காடு கெசட்டியரில் உள்ள சிறு குறிப்பு. மலை முன்பு வேடர்களுடையது. மலையாளிகள் ஆண்களைக் கொன்று பெண்களை மணந்தார்கள். அந்த வேடக் கணவனின் சாவுக்கு அடையாளமாகத் திருமணத்தில் இன்றும் துப்பாக்கி வெடிக்கிறார்கள். சாரம் இவ்வளவுதான். 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தர்ஸ்டனின் தொகுப்பில் இடம்பெற்றபின் இது கேள்வியின்றிக் கைமாறி வருகிறது.

முதல் இரண்டு செய்திகளும் மக்கள் வழக்கு என்ற பெயரில் வருகின்றன. துப்பாக்கி வெடிப்பது கண்ணால் காணக்கூடிய சடங்கு. ஆனால் கதையையும் சடங்கையும் முடிச்சுப் போட்டது யார்? மலையாளியா, கேட்டு எழுதிய அதிகாரியா? குறிப்பில் விடை இல்லை. பெண்கவர்ந்து மணத்தலின் எச்சங்களைச் சடங்குகளில் தேடும் மோகத்தை மெக்லென்னனின் 1865ஆம் ஆண்டு நூல் கிளப்பிவிட்டிருந்த காலம் அது. கல்யாணத்துக்கு வேட்டுப் போடுவது சமவெளியிலும் உண்டு. அங்கே செத்துப்போன முதல் கணவனை யாரும் தேடியதில்லை. ஆகவே துப்பாக்கியை வைத்து நான் எதையும் நிறுவப் போவதில்லை.

துப்பாக்கியை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறது. வடஆற்காடு மாவட்டக் கையேட்டில் ஸ்டூவர்ட் பதிவுசெய்த ஜவ்வாது மலை வடிவத்தைப் பக்கத்தில் வைத்தால் இது விளங்கும். அதில் வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளப் பெண்கள் ஏழு பேரைக் கவர்ந்து செல்கிறார்கள். ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு தேடிப் புறப்படுகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் தங்களுக்குக் கருமாதி செய்துவிடுங்கள் என்பது வீட்டில் சொல்லிவைத்த ஏற்பாடு. பாலாற்றில் வெள்ளம், நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிடுகின்றன. வேடர்களை வென்று இவர்கள் ஊர் திரும்பும்போது மனைவியர் தாலி அறுத்திருக்கிறார்கள். உயிரோடிருந்தும் செத்தவர்களாகிவிட்ட அந்த ஆண்கள் வேடப் பெண்களை மணந்து மலையேறுகிறார்கள். சேர்வராயன் வடிவத்திலோ ஏழு ஆண்களுக்குப் பதில் மூன்று அண்ணன் தம்பிகள். வழியும் காரணமும் வடிவத்துக்கு வடிவம் மாறுகின்றன. தந்தை காஞ்சியிலிருந்து வந்தவர், தாய் வேறு குடிப் பெண் என்பது மட்டும் மாறுவதில்லை.

சாதிப் பெருமைக்கான கட்டுக்கதை என்போர் இங்கேதான் இடறுகிறார்கள். வேளாளர் என்று காட்டிக்கொள்வதுதான் நோக்கமென்றால் வேடத் தாயை மறைத்திருப்பார்கள். இவர்களோ அவளை வாய்விட்டுச் சொல்கிறார்கள். தகுதி தந்தை வழி, மலை மீதான உரிமை தாய் வழி என்று கதை பங்கு பிரிக்கிறது என்பதே என் வாசிப்பு. சொன்னவர்களின் சொந்த விளக்கம் பதிவாகாத நிலையில் இது ஊகம்தான்; ஆனால் தாயை ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு மற்ற விளக்கங்களில் விடை கிடையாது.

மரபணுவுக்கு வருவோம். 2009, 2013ஆம் ஆண்டு ஆய்வுகள் இந்தியக் குழுக்களில் பெரும்பாலானவற்றை இரு தொல்குடிகளின் கலப்பாகக் கண்டன. கலப்பு நடந்த காலம் ஏறத்தாழ 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு என்றன. ஜவ்வாதுக் கதை தனக்குத் தரும் ஆண்டு சகம் 1055, அதாவது கி.பி. 1130களின் தொடக்கம். காலம் ஒட்டவில்லை. தவிர, அக்கிரகாரத்துக்கும் மலைக்கும் பொதுவான ஒரு கலப்பு இந்த மலையின் கதைக்கு மட்டும் எப்படிச் சாட்சி சொல்லும்? கதைக்கு விஞ்ஞான முத்திரை வாங்கித் தரும் பரிவு, விஞ்ஞானத்தோடு முரண்பட அதற்குள்ள உரிமையைப் பறிக்கிறது.

அந்த முரண் நிஜமானது; அரசின் வரையறையோடும் அது உண்டு. பழங்குடி என்பதற்கு 1965ஆம் ஆண்டு லோக்கூர் குழு வைத்த அளவுகோல்களில் தொன்மைக் கூறுகளும் புவியியல் தனிமையும் உண்டு. தென்னாற்காடு மலையாளி பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார். காஞ்சியிலிருந்து வந்தேன் என்றும் சொல்கிறார். இதை அறியாமை என்று தள்ளுவது எளிது. கரியராமரையும் வேடத் தாயையும் விட்டுவிட்டுச் சொல்லப்படும் எந்தத் தோற்ற வரலாறும் தன்னுடையதல்ல என்ற அவநம்பிக்கையாகவே நான் இதைக் கொள்கிறேன்.

இந்தக் கதை, கல்வராயன் மலையை ஆண்ட ஜாகீர்தார் குடும்பங்கள் தங்கள் நில உரிமைக்காகப் பரப்பியது என்றொரு ஆட்சேபம் எழலாம். நீண்ட மறுப்பு தேவையில்லை: கல்வராயன் ஜாகீர்தார்களின் கை எட்டாத ஜவ்வாது மலையிலும் மணப்பெண் வேடர் வீட்டுப் பெண்தான்.