திருக்கழுக்குன்றத்துப் பட்சிகள்

தொண்டை நாட்டுத் திருக்கழுக்குன்றம் மூவர் தேவாரமும் திருவாசகமும் பெற்ற பெருந்தலம். வேதகிரிமேல் நண்பகலில் இரு பட்சிகள் வந்து, பண்டாரம் இட்ட நெய்யும் சர்க்கரையுங் கலந்த அமுதை உண்டு செல்லுதல் பன்னெடுங்காலம் நிகழ்ந்தது. யுகத்துக்கு இருவராக முனிவர் எண்மர் பட்சிவடிவுற்றனர் என்றும், கலியுகத்தார் சம்பு, ஆதி என்போர் என்றும் தலபுராண மரபு கூறும்.

கழுகென்னும் பெயரை இக்காலத்தார் உயிர்கொன்றுண்ணும் பறவைக்கும் வழங்குதலால் மயக்கம் நேர்கின்றது. குன்றத்துப் பட்சியோ பாறு இனத்தது. வெண்மேனி, மயிரற்ற மஞ்சள் முகம், கரிய சிறகிறகு, ஆப்புப்போன்ற வால் என்பன அதன் அடையாளம். இளமையிற் கபில நிறத்ததாகிப் பின்னரே வெண்மையுறும். பண்டை எகிப்தியர் எழுத்தொன்றுக்கு இதனுருவையே வரைந்தனர்.

அலகு மெல்லிது; ஆதலின் பெரும்பிணத்தின் தோலைக் கிழிக்கமாட்டாது, பிற பறவைகள் விட்ட மிச்சில், சாணம், புழு, முட்டை முதலியவற்றால் வாழும். ஆப்பிரிக்காவில் தீக்கோழி முட்டையைக் கல்லெறிந்துடைத்தலும் உண்டு. இத்தகைய பறவை சோறுண்டதில் வியப்பென்னை? பழக்கிய வித்தையென நகைத்தோர் அதன் இயல்பறியாதோரே.

ஓரிணை மறைய மற்றோரிணை அவ்விடம் பற்றியதென இயற்கைநூலார் கொள்வர். அடியார்க்கோ அவை என்றும் அம்முனிவரே.

1998 ஆம் ஆண்டையொட்டி வருகை நின்றது. அக்காலத்தே பாரதமெங்கும் பாறுகள் பெரிதும் குன்றின. மாட்டுக்கு இட்ட டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் ஊன்வழிப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததென ஆராய்ந்தோர் கண்டனர். 2006இல் கால்நடைக்கு அம்மருந்து விலக்கப்பட்டது. மறு ஆண்டே இவ்வெண்பாறு அழிவை நோக்கும் இனங்களுள் ஒன்றாக உலக அளவில் குறிக்கப்பெற்றது.