முதல் கைத்துப்பாக்கி: தமிழகத்தில் உரிமம், விலை, தேர்வு ஆகியவற்றின் வரலாறு

ஒரு கையால் பிடித்துச் சுடக்கூடிய குறுங்குழல் துப்பாக்கியே கைத்துப்பாக்கி எனப்படும். தோட்டாக்களைச் சுழலும் உருளையில் தாங்குவது ரிவால்வர். கைப்பிடிக்குள் செருகப்படும் பெட்டியில் தாங்குவது பிஸ்டல். முதன்முறையாக ஒன்று வாங்க நினைப்பவருக்கு எழும் கேள்விகள் எங்கும் ஒன்றுதான்: எந்த வகை, எந்த அளவுத் தோட்டா, என்ன விலை, குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கும் தற்காப்புக்கும் ஒரே துப்பாக்கி போதுமா? அமெரிக்கா போன்ற நாடுகளில் இவற்றுக்குக் கடைக்காரர் விடை சொல்வார். இந்தியாவில் விடையின் பெரும்பகுதியைச் சட்டம் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது. அந்த விடை எழுதப்பட்ட கதை இருநூறு ஆண்டுக்கு மேற்பட்டது. அதன் முதல் அத்தியாயம் தமிழ் மண்ணில் நடந்தது.

ஆயுதம் களைந்த நாடு

இந்தியர்களின் ஆயுதங்கள் 1857 கிளர்ச்சிக்குப் பிறகே பறிக்கப்பட்டன என்று பொதுவாக எழுதப்படுகிறது. தமிழகத்தைப் பொறுத்தவரை அது அரை நூற்றாண்டு தாமதமான கணக்கு. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த சில வாரங்களில், டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும், மக்கள் துப்பாக்கி, ஈட்டி முதலியவற்றை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பாளையக்காரர்களின் காவல் உரிமையும் அதோடு போயிற்று. ஊர்க்காவல் என்ற பொறுப்பு ஊரிடமிருந்து அரசின் கைக்கு மாறியது. இன்றைய உரிம முறையின் அடிப்படை எண்ணமும் இதுவே: பாதுகாப்பு தருவது அரசின் வேலை; தனிமனிதன் ஆயுதம் வைத்திருப்பது விதிவிலக்கு.

நாடு முழுவதற்குமான சட்டம் 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்தது. உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பது குற்றமாயிற்று. ஆனால் விதிகளின் வழியே ஐரோப்பியருக்கு விலக்கு தரப்பட்டது. குடகர்களுக்கும் தனி விலக்கு இருந்தது. மற்றவர் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். மறுக்கப்பட்டது இரும்புக் குழல் மட்டுமாக இருந்திருந்தால் இத்தனை கொதிப்பு எழுந்திருக்காது. நம்பத்தகாத குடிகள் என்ற முத்திரையே படித்தவர்களைச் சுட்டது.

அந்தக் கொதிப்பு சென்னையில் வெளிப்பட்டது. காங்கிரசின் மூன்றாவது மாநாடு 1887 டிசம்பரில், பத்ருதீன் தியாப்ஜி தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மக்கீஸ் தோட்டத்தில் கூடியது. ஆயுதச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. வங்கத்திலிருந்து வந்த இளைஞர் பிபின் சந்திர பால் அந்தச் சட்டத்தின் பாகுபாட்டை எதிர்த்துப் பேசினார். பின்னாளில் காந்தியடிகளும், ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய செயலை ஆங்கில ஆட்சியின் மிகக் கரிய செயலாகக் குறிப்பிட்டார். அகிம்சையின் தலைவர் இப்படி எழுதியது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயுதம் இருந்தும் எடுக்காதவனுக்குத்தான் அகிம்சை பொருந்தும், எடுக்க வழியற்றவனுக்கு அல்ல என்ற அவர் கருத்தோடு சேர்த்துப் பார்த்தால் வியப்பு நீங்கும். இனப்பாகுபாடு மிகுந்த விலக்குகள் 1920ஆம் ஆண்டு விதிகளில்தான் நீக்கப்பட்டன.

இதற்கிடையே சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதைத் தமிழ் இளைஞர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. 1910இல் அங்கு வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி தந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் பிஸ்டல். அந்நாளில் ஐரோப்பியச் சந்தைகளில் எளிதாகக் கிடைத்த, சட்டைப்பையில் அடங்கும் துப்பாக்கி அது. ஒளித்துக் கடத்தக்கூடியது என்ற அதே காரணத்தால், நீண்ட வேட்டைத் துப்பாக்கியைவிடக் கைத்துப்பாக்கியின் மேல் அரசின் கண் எப்போதும் கூர்மையாகவே இருந்து வந்துள்ளது.

அளவைத் தேர்ந்தெடுத்தது யார்?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் கொண்டே தோட்டாவின் அளவு சொல்லப்படுகிறது. .32 என்றால் ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் நூற்றில் 32 பங்கு. வாங்குபவர் தேர்வு செய்யும் முதல் விஷயம் இதுதான். இந்தியாவில் அதைத் தேர்வு செய்வது அரசு.

இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் .450 அளவு ரைபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு தடை விதித்தது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி ரைபிள்கள் அதே அளவுத் தோட்டாவைப் பயன்படுத்தியவை. எதிரிகள் கையில் சிக்கிய அந்த ரைபிள்களுக்குத் தனியார் தோட்டா போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பது கவலை. யானை, புலி வேட்டைக்கு வரும் துரைமார்களை நம்பிப் பிழைத்த லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் தவித்தன. விளைவாக .465, .470, .475 என்று புதிய அளவுகள் பிறந்தன. அவற்றில் .470 இன்றும் ஆப்பிரிக்க வேட்டைக்காரர்களிடம் புகழோடு இருக்கிறது. டெல்லிக்காரர் எழுதிய ஒரு விதி உலகத் துப்பாக்கித் தொழிலின் அளவுகோலையே மாற்றியது என்பது நம் நூல்களில் அதிகம் பேசப்படாத செய்தி. (சரியாகச் சொன்னால் அப்போது தலைநகர் கல்கத்தா.)

விடுதலைக்குப் பின்னும் அதே தர்க்கம் தொடர்ந்தது. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் அளவுகளான 9 மி.மீ., .38, .455 போன்றவை தடை செய்யப்பட்ட அளவுகளாயின. சாதாரணக் குடிமகனுக்கு மிஞ்சியவை .32, .22 போன்ற சிறிய அளவுகளே.

சட்டம் அடியோடு மாறியிருக்க ஒரு வாய்ப்பு இருந்தது. 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றிருந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948இல் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கக் கோரினார். சபை ஏற்கவில்லை. அமெரிக்கா 1791இல் தன் அரசியலமைப்பில் ஆயுத உரிமையைச் சேர்த்தது. நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவில் ஆயுதம் என்ற சொல், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை என்ற இடத்தில்தான் வருகிறது. பிரிவினையின் ரத்தம் காயாத நாட்களில் எடுத்த முடிவு அது என்பதை மறந்து அதை மதிப்பிடுவது நியாயமாகாது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கிவரை வைத்திருக்கலாம் என்று இருந்ததை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது; உரிமத்தின் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். தரமணியிலோ தியாகராய நகரிலோ வசிப்பவர் வேப்பேரியில் உள்ள சென்னை மாநகரக் காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பிற மாவட்டங்களில் அந்த அதிகாரம் ஆட்சியரிடம் உள்ளது. உள்ளூர்க் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை தரும். 2016ஆம் ஆண்டு விதிகள் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கான சான்றிதழையும் சேர்த்துள்ளன. தேர்தல் அறிவிக்கப்பட்டால் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது தமிழகத்தில் ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

இந்த வடிகட்டலின் விளைவு எண்ணிக்கையில் தெரியும். 2016 இறுதியில் உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 12.77 லட்சம் ஆயுத உரிமங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் சுமார் 22,500. மக்கள்தொகை வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள இடைவெளி.

கான்பூரிலிருந்து வந்த விடை

1980களின் நடுப்பகுதியில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன்பின் சந்தை விசித்திரமாக மாறியது. முன்பே நாட்டுக்குள் வந்திருந்த வெப்லி, கோல்ட், வால்தர் துப்பாக்கிகள் கைமாறிக் கைமாறி விலை ஏறின. வெளிநாட்டில் பழைய பொருளாகக் குறைந்த விலைக்குப் போகும் பிஸ்டல் இங்கே பல லட்சம் பெற்றது. தாத்தாவின் துப்பாக்கி வாரிசுக்கு மாற்றப்படுவதே பல குடும்பங்களில் மலிவான வழியாக இருந்தது. அதற்கும் வாரிசு தன் பெயரில் உரிமம் பெற வேண்டும்.

புதிதாக வாங்குவோருக்கு அரசுத் தொழிற்சாலைகளே கதி என்றானது. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் 1990களில் சந்தைக்கு வந்தது. ஆறு தோட்டா, நடுவில் மடிந்து திறக்கும் சட்டகம். பர்மிங்காமின் வெப்லி ரிவால்வரை அறிந்தவருக்கு இதன் பரம்பரை பார்த்தவுடன் புரியும். கல்கத்தா வட்டாரத்து அரசுத் தொழிற்சாலைகள் .32 பிஸ்டல் செய்தன. 2014 ஜனவரியில் கான்பூர் 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியக் கலப்பு உலோகம், எடை ஏறத்தாழ அரைக் கிலோ, விலை 1,22,360 ரூபாய். 2012 டெல்லிக் கொடுமைக்குப் பின் பெண்களின் கைப்பைக்கு என்று விளம்பரப்படுத்தப்பட்டது. பேருந்தில் நள்ளிரவில் வீடு திரும்பும் பெண்ணின் மாதச் சம்பளத்தையும் அந்த விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, அது யாருக்கான துப்பாக்கி என்பது விளங்கிவிடும். பெண்கள் அமைப்புகள் அப்போதே இதைச் சுட்டிக்காட்டின. பின்னர் இஷாப்பூர் தொழிற்சாலை 'நிடர்' என்ற .22 ரிவால்வரை ஏறத்தாழ 35,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. எடை கால் கிலோ.

2020இல் வெப்லி நிறுவனத்தின் பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் .32 ரிவால்வர் உற்பத்தி தொடங்கியது. நகல் முதலில் வந்து, அசல் பின்னால் வந்த கதை. 2021இல் அரசுத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கான்பூர், இஷாப்பூர் ஆலைகளும், 1966இல் தொடங்கிய திருச்சி ஆலையும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அந்நிறுவனம் 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. உருளை பக்கவாட்டில் திறப்பது அதன் புதுமை. அளவு? மீண்டும் .32தான். வரியும் இறங்கவில்லை: கைத்துப்பாக்கிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்து 2025 செப்டம்பரில் 40 சதவீதம் ஆயிற்று.

சுமப்பவரும் சுடுபவரும்

இந்த வரலாற்றின் மிகப் பெரிய முரண் இனிமேல்தான் வருகிறது. தற்காப்புக்கு உரிமம் பெற்றவரின் ஆவணத்தில் ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்று எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணிக்கை முறையான பயிற்சிக்குப் போதாது. நினைத்த இடத்தில் சுட்டுப் பழகவும் முடியாது. லட்ச ரூபாய் ரிவால்வர் இரும்புப் பெட்டியில் ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது. நெருக்கடி வந்தால், இறுக்கமான விசையும் குட்டைக் குழலும் கொண்ட அந்தக் கருவியைப் பழக்கமில்லாத கை எடுக்க வேண்டியிருக்கும். பயிற்சியற்ற கையில் துப்பாக்கி உரிமையாளருக்கும் வீட்டாருக்குமே முதல் ஆபத்து. ஆக, சட்டம் துப்பாக்கியை அனுமதித்து, அதைக் கற்கும் வழியைக் குறுக்கி வைத்திருக்கிறது. உரிமம் தரும்போதே பயிற்சிக்கும் வழி செய்வது, இல்லையேல் தராமலே இருப்பது, இரண்டில் ஒன்றே அறிவார்ந்த கொள்கையாக இருக்கும்.

மறுபுறம், சுடக் கற்பவரின் பாதை வேறு. மக்களவையின் முதல் தலைவர் ஜி.வி. மாவலங்கர் தலைமையில் 1951இல் இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் உருவானது. அவர் பெயரில் இன்றும் போட்டிகள் நடக்கின்றன. மாநிலச் சங்கங்கள், எழும்பூரில் உள்ள சென்னை ரைபிள் கிளப் போன்ற கழகங்கள் ஆகியவற்றின் வழியாகவே பெரும்பாலோர் இந்த விளையாட்டுக்குள் வருகிறார்கள். நடிகர் அஜித் குமார் 2021 மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ரைபிள் வீரர் ககன் நரங் சென்னையில் பிறந்தவர். அதே போட்டிகளில் விஜய் குமார் 25 மீட்டர் விரைவுப் பிஸ்டலில் வெள்ளி வென்றார்.

தற்காப்புக்கு வலுக்குறைந்தது என்று மேலைநாடுகள் ஒதுக்கிய .32 நீள்தோட்டா, 1896இல் அமெரிக்காவில் பிறந்தது. உதைப்பு குறைவு, துல்லியம் அதிகம் என்பதால் உலகச் சாம்பியன் போட்டிகளின் 25 மீட்டர் சென்டர்பயர் பிரிவில் இன்றும் வீரர்கள் விரும்பிக் கையாளுவது அதைத்தான். இந்தியக் குடிமகனுக்குத் தற்காப்பின் பெயரில் தரப்பட்டிருப்பது உண்மையில் ஒரு விளையாட்டுத் தோட்டா. ஆனால் அதைச் சுடும் போட்டிப் பிஸ்டல்களான பார்தினியும் வால்தரும் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் செய்யப்படுபவை. தகுதி நிரூபித்த வீரர்களுக்கே இறக்குமதி அனுமதி கிடைக்கும்.

எனவே விளையாட்டுக்கு வருபவரின் முதல் கைத்துப்பாக்கி பெரும்பாலும் வெடிமருந்தே இல்லாத ஏர் பிஸ்டல்தான். 2016 விதிகளின்படி, .177 அளவைத் தாண்டாத, 20 ஜூலுக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. ஈயக் குண்டின் விலை சொற்பம். கழகத்தின் துப்பாக்கியிலேயே தொடங்கலாம் என்பதால் முதல் சில மாதங்கள் சொந்தமாக வாங்க வேண்டிய அவசியமும் இருக்காது. சர்வதேச விதிப்படி 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ. விட்டம் உடையது, நம் ஒரு சட்டைப் பொத்தான் அளவு. துப்பாக்கி ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது, விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், அறுபது குண்டுகளையும் ஒற்றைக் கையால், ஒவ்வொன்றாக நிரப்பிச் சுட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது இந்த வகைத் துப்பாக்கியால்தான்.